64க்கு 54

குளிர்காலத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் டீலர்களின் புலம்பலில் பிறந்த வண்டி ஏடிவி. ரிசார்ட்டில் அரை மணி நேரம் வாடகைக்கு ஓட்டிவிட்டு இறங்குகிறவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான். 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஹோண்டா பைக்குக்கு நல்ல கிராக்கி. நவம்பரில் பனி விழ ஆரம்பித்துவிட்டால் கடைப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள். பனியிலும் சேற்றிலும் ஓடுகிற மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள் என்று அமெரிக்கக் கிளை ஜப்பானைக் கேட்டது. வேலை ஒசாமு தகேயுச்சி என்ற பொறியாளரிடம் வந்தது.

தகேயுச்சி, எஸ்டி70 என்ற குட்டி பைக்கின் பாகங்களை வைத்து இரண்டு சக்கரத்திலிருந்து ஆறு சக்கரம் வரை கட்டிப் பார்த்தார். அந்தச் சின்ன இன்ஜினின் இழுவைக்கு மூன்று சக்கரம்தான் தோதாக இருந்தது. பிரச்சினை டயரில். சாதாரண டயர் பனியில் புதைந்தது. அமெரிக்காவில் ஆம்ஃபிகேட் என்றொரு ஆறு சக்கர வண்டி, நீரிலும் நிலத்திலும் போவது, பலூன் போன்ற டயர்களில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஜாதி டயரைப் பார்த்ததும் வழி கிடைத்துவிட்டது. 1970-இல் யூஎஸ்90 விற்பனைக்கு வந்தது. 89 சிசி, ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக், 7 குதிரைத்திறன், விலை 595 டாலர். பிறகு ஏடிசி90 என்று பெயர் மாறியது.

அந்த வண்டியில் ஷாக் அப்சார்பர் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. குண்டுகுழியை வாங்கிக்கொள்வதெல்லாம் டயர்தான். அதில் காற்று 2 பிஎஸ்ஐ அளவுக்குத்தான் இருக்கும். காருக்கு அடிக்கிற கேஜை வைத்துப் பார்த்தால் முள் நகராது. இதற்கென்று தனி கேஜ் வேண்டும். ஹேண்டில்பாரை மடக்கி, கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போகலாம். நம்மூரில் பழைய மண்ணெண்ணெய் பம்ப்செட்டைக் கயிறு சுற்றி இழுப்போமே, அப்படிக் கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். கிளச் லீவர் இல்லை. கழற்றி மாட்டுவதற்கு ஒரு பெட்டி ஸ்பேனர் போதும். ஆரம்பத்தில் அறுவடை முடிந்த வயலின் தட்டைகள் டயரைக் குத்திக் கிழித்தன. 1975-இல் இரும்பு ஹப்பும் கெட்டியான டயரும் வந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது.

இந்த வண்டியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இரண்டு பேரை வைத்தே எழுதுகிறார்கள்: செய்த கம்பெனி, தடுத்த அரசாங்கம். மூன்றாவது ஒரு ஆள் இருக்கிறான். கம்பெனி செய்வதை நிறுத்தி, டீலர் பார்ட்ஸ் இல்லை என்று கையை விரித்த பிறகும், தன் வீட்டு கராஜில் அதைப் பிரித்து மாட்டி ஓடவைத்துக்கொண்டிருப்பவன். அவன் எதையும் எழுதி வைப்பதில்லை. அவன் செய்ததெல்லாம் இரும்பில்தான் இருக்கிறது. கோயம்புத்தூரில் பட்டறை வாசலில் வளர்ந்து, மிச்சிகனில் கார் தொழிலில் வேலை பார்த்துக்கொண்டு, குளிர்காலங்களைப் பழைய குவாட் பைக்குகளோடு கழிக்கிற எனக்கு அந்த மூன்றாவது ஆளின் கணக்கில்தான் ருசி.

கம்பெனி, அரசாங்கக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980-களின் தொடக்கத்தில் மூன்று சக்கர வண்டி சக்கைப்போடு போட்டது. ஹோண்டாவைப் பார்த்து யமஹா, சுசுகி, கவாசாகி எல்லோரும் இறங்கினார்கள். கூடவே விபத்துகள். மூன்று சக்கரம் என்பதால் பார்க்கச் சாதுவாகத் தெரியும், ஓட்டினால்தான் தெரியும். பின் அச்சில் டிஃபரன்ஷியல் இல்லை. இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் உடம்பைச் சாய்த்து, எடையை மாற்றி வைத்துத்தான் திருப்ப வேண்டும். பைக் பழக்கத்தில் காலைக் கீழே ஊன்றினால் பின்சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறும். ஓட்டியவர்களில் நிறையப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியது. 1988 ஏப்ரலில் கம்பெனிகளோடு நீதிமன்ற உடன்பாடு ஏற்பட்டது: புது மூன்று சக்கர வண்டி இனி விற்பதில்லை, பெரிய இன்ஜின் வண்டிகளை 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கென்று விற்பதில்லை, வாங்குகிறவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். பத்து வருஷ உடன்பாடு. 2008-இல் வந்த சட்டம் மூன்று சக்கரத்துக்கு முழுமையாகவே கதவைச் சாத்தியது.

ஆனால் ஏற்கெனவே விற்ற வண்டிகளை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவையெல்லாம் பண்ணை வீட்டுக் கொட்டகைகளில் அப்படியே நின்றன. வீட்டு மெக்கானிக்கின் காலம் உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

நான்கு சக்கரத்தை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது சுசுகி, 1980-களின் ஆரம்பத்திலேயே. 1985-இல் போலாரிஸ் அமெரிக்காவிலேயே செய்து விற்கத் தொடங்கியது. நான் நிறுத்தி நிதானமாகப் பேச விரும்புவது 1987-இல் வந்த யமஹா பான்ஷியைப் பற்றி. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிர்வது, ஆறு கியர், கிக்கர் மட்டும்தான். இந்த இன்ஜின் யமஹாவின் ஆர்இஸட்350 என்ற ரோட்டு பைக்கிலிருந்து வந்தது. அதற்கு முன்னோர் 1973-இல் வந்த ஆர்டி350. அது காற்றில் குளிர்வது, பான்ஷி தண்ணீரில் குளிர்வது. இன்னும் பல வித்தியாசம் உண்டு. ஆனால் சிலிண்டரின் விட்டம் 64 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குவது 54 மில்லிமீட்டர். இது இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆர்டி350 என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். 1983-இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி அதை ராஜ்தூத் 350 என்று இந்தியாவில் விட்டது. ஜப்பானில் 39 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின் இங்கே வரும்போது ஹை டார்க் என்ற வகையில் 30.5, பிறகு வந்த லோ டார்க் வகையில் 27 என்று இறங்கிவிட்டது. காரணம் பெட்ரோல். இறக்கியும் பிரயோஜனமில்லை, குடிக்கிறது குடித்துக்கொண்டுதான் இருந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி100 வந்து லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற ஒரே கேள்வியை ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்த பிறகு ராஜ்தூத் 350-க்கு என்ன வேலை? கோவையில் நான் பார்த்த ஷெட்டுகளில் ஆர்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களிடம் மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான்: “ஏனுங்க, மைலேஜ் வேணுங்களா, பிக்கப் வேணுங்களா? ரெண்டும் சேந்து வராதுங்க.” பதிலைப் பொறுத்து, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் மாறும். மைலேஜ் என்றால் சின்ன ஜெட். பிக்கப் என்றால் பெரிய ஜெட்டோடு சைலன்சரையும் அறுத்து மறுபடி வெல்டிங் வைப்பார்கள். சோழவரம் ரேஸ் பார்த்துவிட்டு வந்த பையன்கள் கிரைண்டரை வைத்து போர்ட்டையே பெரிதாக்கச் சொல்வார்கள். கம்பெனி இறக்கி அனுப்பியதைப் பட்டறை ஏற்றிக் கொடுத்தது.

அமெரிக்காவில் அதே 64க்கு 54-ஐ எல்லோரும் ஏற்றினார்கள், யாரும் இறக்கவில்லை. பான்ஷி மணல்மேட்டில் ஓடுகிற வண்டி. கலிஃபோர்னியாவின் கிளாமிஸ், எங்கள் மிச்சிகனில் சில்வர் லேக், இங்கெல்லாம் மணலில் ஏறும்போது இன்ஜின் மூச்சுவிட நேரம் கிடைக்காது. 1987 தொடங்கி 2006 வரை யமஹா இதை இங்கே விற்றது. அத்தனை வருஷத்திலும் இன்ஜின் அடிப்படையில் மாறவேயில்லை. அதனால் வெளிச்சந்தையில் பிஸ்டன், கிராங்க், சிலிண்டர் பிளாக், சைலன்சர் பைப் என்று ஒவ்வொன்றும் ஏராளம். இன்று ஒரே ஒரு யமஹா பாகம்கூட இல்லாமல் முழு பான்ஷி இன்ஜினைக் கட்டிவிடலாம். அப்படிக் கட்டியதைப் பான்ஷி என்று சொல்வதா என்பது எங்கள் கூட்டத்தில் ஓயாத சண்டை. என்னைக் கேட்டால், சொல்லலாம்.

செகண்ட் ஹேண்ட் பான்ஷி ஒன்றைப் பிரிக்கும்போதுதான் மூன்றாவது ஆள் பேச ஆரம்பிப்பான். ஹெட்டைக் கழற்றி பிஸ்டன் தலையைத் துடைத்தால், கரிக்கு அடியில் 050 என்று பொறித்திருக்கும். அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ். அதாவது 64 இப்போது 64.5, வண்டி ஏற்கெனவே போர் போடப்பட்டது. ஒரு பக்கச் சிலிண்டரில் மட்டும் நீளவாக்கில் கோடு விழுந்திருந்தால், அந்தப் பக்கம் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் பிடித்திருக்கிறது. உடனே ஜெட்டைக் குறை சொல்லக்கூடாது. முதலில் கிராங்க்கின் ஓரத்திலிருக்கும் ஆயில் சீலைப் பார்க்க வேண்டும். சீல் காய்ந்து வெடித்தால் அந்த வழியே காற்று உள்ளே போகும், கலவை மெலியும், சூடேறும், பிஸ்டன் உருகும். முந்தின ஓனர் சீலை மாற்றாமல் பிஸ்டனை மட்டும் மாற்றி, அவசரமாக விற்றிருப்பான். இதற்குக் கடிதம், சாட்சி எதுவும் தேவையில்லை.

அடுத்து கார்புரேட்டர். இரண்டு 26 மில்லிமீட்டர் மிகுனி. இங்கே பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. குளிர்காலம் முழுக்க வண்டியை நிறுத்தி வைத்தால் பெட்ரோல் பிசின் மாதிரி இறுகி பைலட் ஜெட்டின் துளையை அடைத்துவிடும். கோவையில் கிளச் கேபிளின் ஒரு நரம்பை உருவி உள்ளே விட்டுத் துழாவுவார்கள். பித்தளைத் துளை அகன்றுபோகும் என்று இங்கே உள்ளவர்கள் அலறுவார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் கேபிள் நரம்பு கைக்குப் பழகிவிட்டது, மெதுவாக விடுகிறேன்.

கார்புரேட்டரின் தலையில் டார்ஸ் என்றொரு பெட்டி இருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்டால் இன்ஜினை அடக்குகிற பாதுகாப்பு ஏற்பாடு. விபத்துகளும் விசாரணைகளும் சூடாக இருந்த காலத்து வண்டி இது என்பதற்கு அந்தப் பெட்டியே அத்தாட்சி. ஆனால் நான் பிரித்த பான்ஷி எதிலும் அது இருந்ததில்லை. ஸ்விட்ச் பழசாகித் தப்பாக வேலை செய்ய ஆரம்பித்தால் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், காரணம் கண்டுபிடிக்கவே உயிர் போகும். அதனால் கையில் வந்ததும் முதல் வேலையாகக் கழற்றி எறிந்துவிடுவார்கள். கழற்றுவதை நான் குற்றம் சொல்லமாட்டேன். கழற்றினால் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற கில் ஸ்விட்சையாவது வைக்க வேண்டும். அதை வைக்காதவன் வண்டியில் நான் ஏறுவதில்லை.

ட்யூனிங் என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் பஞ்சாயத்து பண்ணுவதுதான். கம்பெனி போட்ட மெயின் ஜெட் 200. பைப்பையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியவர்கள் 280 வரைக்கும் போவார்கள். ஜூலை வெயிலில் சரியாக இருந்த ஜெட் அக்டோபர் காலையில் போதாது. குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், பெட்ரோலும் அதிகம் கேட்கும். சரிபார்க்க ஒரு பழைய முறை உண்டு. புது பிளக்கைப் போட்டு, டாப் கியரில் முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டி, அப்படியே கிளச்சைப் பிடித்து இன்ஜினை ஆஃப் செய்ய வேண்டும். ஐட்லிங்கில் ஓடவிட்டால் நிறம் மாறிவிடும். பிளக்கைக் கழற்றி, உள்ளே பீங்கானின் அடிப்பக்கம் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, ஆபத்து. ஈரக் கறுப்பாக இருந்தால் அதிகம். பால் தூக்கலான டீயின் நிறம் வந்தால் சரி. ஷெட்டில் கூட நின்று வேடிக்கை பார்த்தபோதே இது எனக்குத் தெரியும். அங்கே ஆர்டியில் பார்த்தேன், இங்கே பான்ஷியில் பார்க்கிறேன். ஒரு வித்தியாசம், ஆர்டியில் ஆட்டோலூப் பம்ப் ஆயிலைத் தானே கலந்துகொள்ளும். பான்ஷியில் பம்ப் இல்லை. 24-க்கு 1 என்று கேனில் கலக்குவது ஓட்டுகிறவன் பொறுப்பு. கலக்காமல் ஊற்றினால் அன்றைக்கே இன்ஜின் போய்விடும்.

டூ ஸ்ட்ரோக்கை முடித்து வைத்தது புகை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ரோட்டில் ஓடாத வண்டிகளுக்கும் புகை வரம்பு வைத்தது; 2006-லிருந்து அது அமலுக்கு வர, பான்ஷி இங்கே நின்றது. இந்தியாவில் ஆர்எக்ஸ்100 வகையறாவை முடித்ததும் இதே புகைதான், கொஞ்சம் முன்னதாக. இப்போது வருகிற குவாட்களில் ஃப்யூவல் இன்ஜெக்ஷன். கோளாறு வந்தால் கம்ப்யூட்டரைச் செருகி எரர் கோடு பார்க்கிறார்கள். தொழிலில் நானும் அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்து ஆள்தான், குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அது துல்லியமானது. கடல் மட்டத்திலும் மலையிலும் தானே சரிசெய்துகொள்கிறது, ஜெட் மாற்றுகிற வேலையே இல்லை. ஆனால் முந்தின ஓனர் என்ன செய்தான் என்பதை அதில் படிக்க முடிவதில்லை. யாராவது மேப்பை மாற்றி எழுதிவிட்டு, விற்கும்போது பழையதையே திரும்ப ஏற்றிவிட்டால் போயிற்று.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. ஆர்டி இன்ஜினை உயிரோடு வைத்திருக்க முயல்கிறவர்கள் கடல்கடந்து பான்ஷி உதிரிபாகங்களைத் தேடுகிறார்கள். எல்லாம் நேராகப் பொருந்தாது. சிலதை ராவ வேண்டும், சிலதற்கு வாஷர் கொடுக்க வேண்டும். கோவையிலிருந்து என் சித்தப்பா மகன் போன வருஷம் கேட்டது பிஸ்டன் செட், ரிங், கேஸ்கட். நேரே பிஸ்டன் வாங்கிவிடாதே, பின்னுக்கு மேலே தலை எவ்வளவு உயரம் என்று வெர்னியர் வைத்து அளந்து அனுப்பு என்று எழுதினேன். அளந்து அனுப்பினான். கூடவே ஒரு கேள்வி: “அண்ணா, அங்க ஜெட் செட் முழுசா கிடைக்குமா? இங்க ஒருத்தர் மைலேஜ் வரணும்னு சொல்றாரு.”