லண்டன் காவலரும் ஓய்வூதிய உரிமையும்

1829இல் தொடங்கப்பட்ட லண்டன் பெருநகரக் காவல்துறை, ஆளெடுப்பதைவிட எடுத்த ஆளைத் தக்கவைக்கவே பெரிதும் திணறியது. குடிபோதைக்காக நீக்கப்பட்டோர் ஒருபுறமிருக்க, குறைந்த ஊதியமும் இரவு ரோந்தும் பொறுக்காமல் தாமாக விலகியோரும் மிகப் பலர். ஓய்வூதியம், அதாவது பணி முடிந்தபின் வாழ்நாள் முழுதும் கிடைக்கும் தொகை, அக்காலத்தில் மேலதிகாரிகளின் விருப்பத்தைப் பொறுத்த சலுகையாகவே இருந்தது. இது குறித்தும் அரசோடு முரண்பட்ட ஆணையர் ஜேம்ஸ் மன்றோ 1890 ஜூனில் பதவி விலகினார். அவ்வாண்டே இயற்றப்பட்ட காவலர் ஓய்வூதியச் சட்டம், 25 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு அதை உரிமையாக்கியது. காவல் பணியை வாழ்நாள் தொழிலாக்கியதில் இச்சட்டத்தின் பங்கு மிகப் பெரியது. ஆயினும் அதே உரிமை காவலரைக் கட்டிப்போடும் கயிறாகவும் ஆனது: 1919 காவலர் வேலைநிறுத்தத்தில் இறங்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், குறிப்பாக லிவர்பூல் காவலர், பணியோடு ஓய்வூதியத்தையும் இழந்தனர்; அவர்கள் மீண்டும் சேர்க்கப்படவே இல்லை.