உடன்படிக்கை (எபிரேய விவிலியம்)

உடன்படிக்கை என்பது இஸ்ரயேலின் கடவுளுக்கும் இஸ்ரயேல் மக்களுக்கும் இடையே ஏற்பட்டதாக எபிரேய விவிலியம் கூறும் பிணைப்பு ஆகும். எபிரேய மொழியில் இது பெரித் எனப்படுகின்றது. யூத சமயத்தின் அடிப்படைக் கருத்துக்களுள் ஒன்றான இது, கிறித்தவத்திலும் முக்கிய இடம் பெறுகின்றது. மக்கள் தம் கடமையிலிருந்து தவறினால் இப்பிணைப்பு முறிந்துவிடுமா என்னும் கேள்வி விவிலிய நூல்கள் பலவற்றிலும், பிற்கால விளக்கங்களிலும் மீண்டும் மீண்டும் எழுகின்றது.

சொற்பொருள்

பெரித் என்பது மன்னர்கள், குலங்கள், தனி மனிதர் ஆகியோருக்கிடையேயான ஒப்பந்தங்களையும் குறிக்கும் பொதுச்சொல். இதன் வேர்ச்சொல் குறித்து ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. உடன்படிக்கை செய்தலை எபிரேயம் "உடன்படிக்கையை வெட்டுதல்" என்று கூறும். விலங்கை இரண்டாக வெட்டி, அத்துண்டுகளுக்கு நடுவே நடந்து உறுதியளிக்கும் சடங்கு எரேமியா நூலின் 34ஆம் அதிகாரத்தில் காணப்படுகின்றது. வாக்கை மீறுபவருக்கு அவ்விலங்கின் கதி நேரும் என்பதே இச்சடங்கின் பொருள்.

பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இச்சொல்லைத் தியாத்தேக்கே என்றும், இலத்தீன் மரபு தெஸ்தாமெந்தும் என்றும் பெயர்த்தன. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்னும் தமிழ்ப் பெயர்களில் உள்ள "ஏற்பாடு" என்ற சொல் இதையே குறிக்கின்றது.

முதன்மையான உடன்படிக்கைகள்

* நோவா: வெள்ளத்திற்குப் பின் எல்லா உயிர்களோடும் செய்யப்பட்டது. வானவில் இதன் அடையாளம்.
* ஆபிரகாம்: வழித்தோன்றல்களும் நாடும் வாக்களிக்கப்படுகின்றன. விருத்தசேதனம் இதன் அடையாளம்.
* சீனாய்: எகிப்திலிருந்து வெளியேறிய மக்களோடு மோசே வழியாகச் செய்யப்பட்டது. பத்துக் கட்டளைகள் இதன் மையம். ஓய்வுநாள் இதன் அடையாளம்.
* தாவீது: அவரது அரச மரபு நிலைக்கும் என்னும் வாக்குறுதி. இதை விவரிக்கும் 2 சாமுவேல் 7ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கை என்னும் சொல் இல்லை. திருப்பாடல் 89 இதை அப்பெயரால் அழைக்கின்றது.

அண்மைக் கிழக்குப் பின்னணி

கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுகளில் இத்தைத்துப் பேரரசர்கள் சிற்றரசர்களோடு செய்த ஒப்பந்தங்களுக்கும் சீனாய் உடன்படிக்கைக்கும் இடையிலான ஒற்றுமைகளை 1954இல் ஜார்ஜ் மெண்டன்ஹால் எடுத்துக்காட்டினார். அவ்வொப்பந்தங்களில் பேரரசரின் பெயர், அவர் முன்பு செய்த நன்மைகள், சிற்றரசரின் கடமைகள், சாட்சிகள், ஆசிகளும் சாபங்களும் ஆகியவை பொதுவாக இடம்பெறும். பத்துக் கட்டளைகளும் கடவுள் தம்மை அறிமுகம் செய்து, எகிப்திலிருந்து மக்களை விடுவித்ததை நினைவூட்டிய பின்னரே தொடங்குகின்றன. எனவே, இதில் மீட்பு முதலிலும் சட்டம் அடுத்தும் வருகின்றன.

1955இல் நிம்ருதில் கண்டெடுக்கப்பட்ட, அசீரிய மன்னர் எசர்அத்தோனின் கி.மு. 672ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் சாபங்கள் இணைச் சட்டம் (உபாகமம்) 28ஆம் அதிகாரத்தின் சாபங்களை ஒத்துள்ளன. அரசரை "அன்பு செய்ய" வேண்டும் என்றும் அது கோருகின்றது. எனவே, கடவுளை முழு இதயத்தோடு அன்பு செய்யுமாறு இணைச் சட்டம் கூறுவதில் அரசியல் பற்றுறுதி என்னும் பொருளும் அடங்கியுள்ளது என்று வில்லியம் மோரன் 1963இல் விளக்கினார். அசீரியப் பேரரசருக்கு உரிய பற்றுறுதியை இஸ்ரயேலர் தம் கடவுளுக்கு உரியதாக்கினர் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

நிபந்தனை உள்ளதா?

தொடக்க நூல் (ஆதியாகமம்) 15ஆம் அதிகாரத்தில் ஆபிராம் ஆழ்ந்து உறங்குகையில் புகையும் தீச்சட்டியும் எரியும் தீப்பந்தமும் மட்டுமே வெட்டப்பட்ட துண்டுகளிடையே செல்கின்றன. கடவுள் தம்மை மட்டுமே கட்டுப்படுத்திக் கொண்டதாக இது விளக்கப்படுகின்றது. சீனாயிலோ மக்கள் கீழ்ப்படிவதாக வாக்களிக்கின்றனர். பலியின் இரத்தத்தில் பாதி பலிபீடத்தின் மீதும் மறுபாதி மக்கள் மீதும் தெளிக்கப்படுகின்றது. இங்கு இரு தரப்பினரும் கட்டுப்படுகின்றனர்.

விரைவிலேயே மக்கள் பொற்கன்றை வழிபட்டனர். மோசே கற்பலகைகளை உடைத்தார். ஆயினும் அழிவைத் தவிர்க்குமாறு அவர் மன்றாடும்போது, ஆபிரகாமுக்கு அளித்த வாக்கையே கடவுளுக்கு நினைவூட்டுகின்றார். புதிய பலகைகள் எழுதப்படுகின்றன. மீறல், தண்டனை, புதுப்பித்தல் என்னும் இவ்வமைப்பு பின்னரும் தொடர்கின்றது.

கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமையும் கோவிலையும் அழித்தனர். அக்காலத்தில் இத்தகைய தோல்வி, தோற்ற நாட்டின் தெய்வமும் தோற்றதாகக் கருதப்படக்கூடியது. இறைவாக்கினரோ இதனை மக்கள் உடன்படிக்கையை மீறியதன் விளைவாக விளக்கினர். நாடும் அரசும் கோவிலும் இழந்தபின் சமயம் நிலைக்க இவ்விளக்கம் உதவியது. எரேமியா 31ஆம் அதிகாரம் கல்லில் அல்லாமல் உள்ளத்தில் எழுதப்படும் புதிய உடன்படிக்கையை அறிவிக்கின்றது.

பிற்கால விளக்கங்கள்

யூத ஆண் குழந்தைகளுக்கு எட்டாம் நாளில் செய்யப்படும் விருத்தசேதனச் சடங்கு இன்றும் பிரித் மிலா, அதாவது விருத்தசேதன உடன்படிக்கை, என்றே அழைக்கப்படுகின்றது. சீனாய் மலையை மக்களின் தலைக்குமேல் கவிழ்த்துக் கடவுள் சம்மதம் பெற்றதாகத் தல்மூது ஒரு விளக்கம் தருகின்றது. வற்புறுத்திப் பெற்ற சம்மதம் செல்லுமா என்ற கேள்வி அங்கேயே எழுப்பப்பட்டு, எஸ்தரின் காலத்தில் மக்கள் மனமுவந்து அதை மீண்டும் ஏற்றனர் என்று விடையளிக்கப்படுகின்றது.

கிறித்தவர்கள் எரேமியாவின் புதிய உடன்படிக்கை இயேசுவில் நிறைவேறியதாக நம்புகின்றனர். எபிரேயர் திருமுகம் முந்தியதைப் பழமையானது என்கின்றது. பவுலோ உரோமையர் திருமுகத்தில் இஸ்ரயேலுக்குக் கிடைத்த அழைப்பு திரும்பப் பெறப்படாதது என்கின்றார். இஸ்ரயேலின் இடத்தைத் திருச்சபை பெற்றுவிட்டது என்னும் கருத்து பல நூற்றாண்டுகள் மேலோங்கியிருந்ததோடு, யூதர்களை இழிவுபடுத்தவும் பயன்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் வெளியிட்ட நோஸ்த்ரா ஏத்தாத்தே அறிக்கை இப்போக்கை மாற்றியது. 1980இல் மைன்சு நகரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பழைய உடன்படிக்கை கடவுளால் ஒருபோதும் விலக்கிக்கொள்ளப்படவில்லை என்னும் கருத்தை வெளியிட்டார்.