முருங்கைக்கு உற்றார் யார்?

முருங்கையை அறியாத தமிழர் இரார். கீரையும் பூவும் காயுமாக அது நம் அடுக்களையை ஆள்கின்றது. ஆயினும் அம்மரத்திற்கு உறவு எது என்று வினவினால் விடை கூறுதல் எளிதன்று. இலையைக் கண்டு அகத்தியோடும் காயின் நீளத்தைக் கண்டு கொன்றையோடும் சேர்க்கத் தோன்றும். உலகத்துச் செடிநூல் அறிஞர்க்கும் இவ்வினா ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் இடர் தந்தது.

உயிர்களைப் பகுத்துக் காணும் வேட்கை தொன்மையானது. தொல்காப்பிய மரபியல் அவற்றை ஓரறிவு முதல் ஆறறிவு வரை நிரல்படுத்துகின்றது. அதனினும் கருதத்தக்கது, அது நிலைத்திணையைப் பிரிக்கும் முறை. வயிரம் புறத்தே உடையவை புல். அகத்தே உடையவை மரம். எனவே வானளாவ நின்றாலும் பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினமே. இங்கிலாந்து அறிஞர் ஜான் ரே, வித்திலை ஒன்றா இரண்டா என்று நோக்கிச் செடிகளைப் பிரிக்கும் முறையை 1682இல் வெளியிட்டார். அம்முறை முதிர்ந்தபோது பனையும் புல்லும் ஒரு பக்கமே நின்றன. இதனைக் கொண்டு இன்றைய அறிவியல் யாவும் அன்றே நம்மிடம் இருந்தது என முழங்குதல் மிகை. ஒருவர் வித்தைப் பிளந்து கண்டார். மற்றவர் தண்டை வெட்டிக் கண்டார். தச்சன் கைப்பட அறிந்ததை இலக்கணம் வல்லார் ஏட்டில் ஏற்றினார் என்பதே போதிய பெருமையாகும்.

இனி முருங்கையிடம் வருவோம். கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராய் இருந்த வான் ரீட் என்பவர், மலையாள நாட்டுச் செடிகளைப் படத்துடன் விளக்கும் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலை உருவாக்கினார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக அது வெளிவந்தது. செடிகளின் பெயரும் பயனும் கூறியவருள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். அவர் 1675இல் எழுதித் தந்த உறுதிமொழி முதல் தொகுதியில் அச்சாகியுள்ளது. முருங்கையும் அந்நூலில் நாட்டுப் பெயராலேயே இடம்பெற்றது.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் 'ஸ்பீசீஸ் பிளாண்டாரம்' என்னும் நூலில் ஏறத்தாழ ஆறாயிரம் செடிகளுக்கு இருசொற்பெயர் சூட்டியபோது, நம் நாட்டுச் செடிகள் பலவற்றுக்கு ஹோர்த்துஸையே சான்றாகக் கொண்டார். முன்சொல் பேரினம், பின்சொல் சிற்றினம். நம்மூரில் தந்தை பெயரை முன்னிட்டு மகன் பெயர் சொல்வது போன்ற ஒழுங்கு இது. ஆனால் அவர் வகுப்புகளை அமைத்த முறை பூவின் மகரந்தத்தாள்களை எண்ணுவதை அடிப்படையாகக் கொண்டது. இருபத்துநான்கு வகுப்புகள், எண்ணத் தெரிந்தவர் எவரும் கையாளலாம். எளிமைக்குக் கொடுத்த விலையோ பெரிது. ஆமணக்கும் பைன் மரமும் அதில் ஒரே பிரிவில் அமர்ந்தன! முருங்கை பத்துத் தாள் வகுப்பில், கழற்சிக்காயின் பேரினத்தில் புகுந்து, 'கிலாண்டினா மொரிங்கா' ஆயிற்று.

பிரெஞ்சு அறிஞர் அடான்சன் இதற்கு உடன்படவில்லை. ஓர் உறுப்பை மட்டும் எண்ணாது பல உறுப்புகளையும் ஒருங்கே நோக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1763இல் அவர் 'மொரிங்கா' என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார். முருங்கை என்னும் நம் சொல் இவ்வாறு உலகப் பெயராயிற்று. வித்தில் எண்ணெய் உள்ளமையால் 'ஒலெயிஃபெரா' என்னும் சிறப்புப்பெயரை லாமார்க் 1785இல் சேர்த்தார். அறிவியல் வழக்கின்படி மரப்பெயரின் பின்னே லாமார்க்கின் பெயர்ச் சுருக்கம் நிற்கின்றது. பெயரைச் சொல்லித் தந்த வைத்தியர்களுக்கு அங்கே இடமில்லை.

தனிப் பேரினம் கிடைத்தும் குடும்ப உறவு விளங்கவில்லை. 1862 முதல் 1883 வரை வெளிவந்த பெந்தம், ஹூக்கர் இருவரின் பெருநூலும் முருங்கையை எவ்வரிசையிலும் பொருந்தாத குடும்பமாக ஒதுக்கி வைத்தது. இதனிடையே டார்வின் 1859இல், உயிர்களின் ஒற்றுமைக்குக் காரணம் பொது மூதாதையே என விளக்கியிருந்தார். அதன்பின் வகைப்பாடு என்பது பெட்டிகளில் அடுக்கும் வேலையாக இல்லாமல், குலமுறை கிளத்துவதாக மாறியது.

குலமுறையை மரபணுக்கள் வெளிப்படுத்தின. 1998இல் பன்னாட்டு அறிஞர் குழு வெளியிட்ட பூக்குஞ்செடி வகைப்பாட்டில் முருங்கை, கடுகின் வரிசையில் சேர்க்கப்பட்டது. முள்ளங்கியும் முட்டைக்கோசும் அவ்வரிசையினவே. எல்லாவற்றினும் நெருங்கிய சுற்றமோ, அமெரிக்காவிலிருந்து நம் கொல்லைக்கு வந்த பப்பாளி!

வியப்பு யாதெனில், நாவிற்கு இவ்வுறவு முன்பே தெரிந்திருந்தது. முருங்கை வேரின் காரத்தைச் சுவைத்த ஆங்கிலேயர், கடுகுக் குடும்பத்துக் காரக்கிழங்கு ஒன்றின் பெயரால் 'ஹார்ஸ்ராடிஷ் மரம்' என்றே அதனை அழைத்தனர். இவ்வரிசைச் செடிகளின் திசு நசுங்கும்போது உள்ளே பிரிந்திருந்த இரு பொருள்கள் கலந்து கார எண்ணெய் பிறக்கின்றது. கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறுவது அதுவே. பப்பாளிப் பழத்தை நறுக்கும்போது நாம் வழித்தெறியும் கறுத்த விதைகளுள் ஒன்றை மென்று பார்ப்பவர்க்கும் அதே காரம் புலப்படும்.