போதும் என்னும் சொல்

சாரல் பருவத்தில் ஐந்தருவிக்குச் செல்வோர் அனைவரும் அறிந்த நடைமுறை ஒன்றுண்டு. நீர்வரத்து மிகுந்தால் குளிக்கத் தடை; தணிந்தால் அனுமதி. அடிவாரத்தில் நிற்பவர் கண்ணுக்கு விழும் நீர் தெரியும். மலைமேல் அப்போது பெய்துகொண்டிருக்கும் மழை தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென இறங்கிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. 'பார்த்தது போதும், இனி இறங்கலாம்' என்பது எத்துணைப் பொறுப்பு மிக்க சொல் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதே சொல்லை அடிக்கடி சொல்லியாக வேண்டிய தொழில் ஒன்று இன்று ஐந்தருவிக்கு அண்மையிலேயே நடைபெறுகிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்தார் மென்பொருள் உருவாக்கி வருகின்றனர். எழுதிய நிரலை எவ்வளவு சோதித்தபின் வெளியிடலாம் என்பது அங்கு மட்டுமன்று, இத்தொழில் நடக்கும் இடமெங்கும் எழும் வினா. இவ்வினாவுக்கு அரை நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. அதன் சில பக்கங்களைப் புரட்டுவோம்.

முழுவதையும் சோதித்துவிட்டால் ஐயமே இராதே என்று தோன்றலாம். கணக்கு அதற்கு இடங்கொடுப்பதில்லை. 32 பிட் அளவுள்ள இரண்டு எண்களைக் கூட்டும் மிக எளிய நிரலை எடுத்துக்கொள்வோம். எல்லா எண் இணைகளையும், நொடிக்கு நூறு கோடி வீதம் இரவுபகலாகச் சோதித்தாலும், வேலை முடிய 580 ஆண்டுகளுக்கு மேலாகும். நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா, 1969ல் ரோம் நகரில் கூடிய மென்பொருள் மாநாட்டிலேயே இதன் சாரத்தைச் சொல்லிவிட்டார்: சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாம், பிழையே இல்லை என்று காட்டவியலாது. ஆகவே எங்கோ ஓரிடத்தில் நிறுத்தித்தான் ஆகவேண்டும். எங்கே என்பதுதான் சிக்கல்.

1996 ஜூன் 4ம் நாள், பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் 5 ஏவுகலம் முதன்முறையாகப் புறப்பட்டது. ஒரு நிமிடம் நிறைவதற்குள் வானிலேயே சிதறிப்போனது. அதன் வழிகாட்டும் மென்பொருளில் ஒரு பகுதி, நன்றாக உழைத்துப் பெயர் பெற்ற ஏரியான் 4 கலத்திலிருந்து பெறப்பட்டது. புதிய கலமோ கிடைத்திசையில் மிக விரைவாகச் சென்றது. அந்த வேகத்தைச் சார்ந்த எண், தனக்கென ஒதுக்கப்பட்ட 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. வழிகாட்டும் கருவி செயலிழந்தது. புதிய கலத்தின் பாதையை உள்ளிட்டு அக்கருவி சோதிக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. பழைய பாதைக்குப் போதுமாக இருந்த சோதனை, புதிய பாதைக்குப் போதவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். சந்திரயான்-2 திட்டத்தின் தரையிறங்கு கலமான விக்ரமுக்காக, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்து நிலவு மண்ணைப் போன்ற மண் ஆக்கிச் சோதனை நடத்தினர். ஆயினும் 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் நேர்ந்த தடுமாற்றம் தரையில் அன்று, மேலே. 30 கி.மீ. உயரத்திலிருந்து 7.4 கி.மீ. வரை எல்லாம் திட்டப்படியே நடந்தது. வேகம் நொடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகத் தணிந்தது. அடுத்த கட்டத்தில் வேகம் வகுத்த அளவைக் காட்டிலும் கூடுதலாகக் குறைந்துவிட்டது. அதனால் அதற்கடுத்த கட்டம் தொடங்கும்போது, கலத்தின் நிலை வடிவமைப்பின் எல்லைக்கு வெளியே போயிருந்தது. இது அவ்வாண்டு நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு தந்த விளக்கம். எந்திரங்கள் எதிர்பார்த்ததினும் மிகுந்த உந்துவிசை தந்தன, பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன, கலம் வேண்டிய விரைவில் திரும்ப மென்பொருளின் வரம்பு இடந்தரவில்லை என்று இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் 2023ல் விரிவாகக் கூறினார்.

விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராகப் பொறுப்பேற்ற சந்திரயான்-3, கேள்வியையே மாற்றிக்கொண்டது. எப்படி வெற்றி பெறும் என்பதை விட்டு, எவையெல்லாம் தவறக்கூடும் என்று வினவினர். உணரிகள் பழுதானால், எந்திரம் நின்றால், கணிப்புப் பிழைத்தால் என்ன நேரும் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். உணரிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிப் பறந்து பார்த்தனர். கலத்தைக் கோபுரக் கிரேனில் கட்டி எந்திரங்களை இயக்கிப் பார்த்தனர். இறங்குவதற்குக் குறித்த பரப்பும் அரை கி.மீ. சதுரத்திலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. நீளத்துக்கு விரிந்தது. 2023 ஆகஸ்ட் 23 மாலை கலம் நிலவில் இனிதே இறங்கியது.

அப்படியானால் எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லையா? உண்டு. ஐந்தருவி விழும் இதே மலைத்தொடரில் தெற்கே சென்றால், திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. மனிதரை விண்ணுக்குக் கொண்டுசெல்லும் ககன்யான் திட்டத்துக்கான சி.இ.20 கிரையோஜெனிக் எந்திரத்தின் தகுதிச் சோதனைகள் 2024 பிப்ரவரியில் அங்கு நிறைவுற்றன. நான்கு எந்திரங்கள், 39 சோதனைகள், மொத்தம் 8,810 நொடிகள். விதித்திருந்த குறைந்த அளவோ 6,350 நொடிகள். மென்பொருளுக்கும் எந்திரத்துக்கும் வேறுபாடு உண்டு; எந்திரம் தேயும், நிரல் தேயாது. எனினும் இங்கே நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே: 'போதும்' என்பதன் அளவு முன்னரே எழுதி வைக்கப்பட்டிருந்தது, வெவ்வேறு இயக்க நிலைகளில் சோதித்து, அந்த அளவையும் கடந்து சென்ற பின்னரே அச்சொல் சொல்லப்பட்டது.

கடைக்கணக்குப் பார்க்கும் நிரல் பிழைத்தால் இரசீதைத் திருத்திக்கொள்ளலாம். மனிதரைச் சுமந்து செல்லும் கலத்தில் திருத்துவதற்கு நேரமிராது. எனவே எவ்வளவு சோதனை போதும் என்பதை முடிவு செய்யவேண்டியது, பிழைத்தால் நாம் எதை இழப்போம் என்ற கணக்கு. வெளியீட்டு நாள் நெருங்கிவிட்டது என்பதற்காகச் சொல்லும் 'போதும்' என்பதை, இந்த வரலாறு ஏற்றுக்கொண்டதே இல்லை.