உலகைக் கற்றல்: வட்டுக்கோட்டைச் செமினரி தரும் படிப்பினை

நாடுகளுக்கிடையிலான உறவுகளை ஒரு தனித்துறையாகப் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கும் வழக்கம் நீண்ட வரலாறு உடையதன்று. முதலாம் உலகப் போரின் பேரழிவைக் கண்ட பின்னரே, 1919இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில் சர்வதேச அரசியலுக்கெனப் பேராசிரியர் பதவியொன்று முதன்முதலாக நிறுவப்பட்டது. இந்தியாவில் 1955இல் தோன்றிய சர்வதேசக் கற்கைக் கல்விக்கூடம் 1970இல் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. எனினும், ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு பரந்த உலகை எவ்வாறு கற்பது, எம்மொழியிற் கற்பது, எதற்காகக் கற்பது என்னும் வினாக்கள் யாழ்ப்பாணத்துக்குப் புதியன அல்ல. அவற்றுக்கு 1823ஆம் ஆண்டிலேயே வட்டுக்கோட்டையில் ஒரு விடை வகுக்கப்பட்டது. சர்வதேசக் கற்கைகளில் ஒரு பட்டநெறியைத் திட்டமிட விழைவோர் அவ்விடையின் நிறைகுறைகளை அறிந்துகொள்வது பயன் தரும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வட்டுக்கோட்டைச் செமினரியின் தோற்றமே சர்வதேச அரசியலின் விளைவு எனலாம். 1812இல் கல்கத்தாவை அடைந்த அமெரிக்க மிஷனரிமாரை அங்கு தங்கவிடக் கிழக்கிந்தியக் கொம்பனி மறுத்தது. அவ்வாண்டிலேயே பிரித்தானியாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் இடையே போர் மூண்டிருந்தது. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தார். அவர் கண்டறிந்த வாய்ப்பின் பயனாக 1816இல் ஒரு குழுவினர் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். போர் ஓய்ந்த பின்னரும் ஐயம் ஓயவில்லை. 1820இல் அச்சுக்கலைஞரான ஜேம்ஸ் கரெட் அச்சியந்திரப் பணிக்காக வந்தபோது, எட்வேர்ட் பார்ன்ஸின் ஆட்சி அவரை நாட்டைவிட்டு வெளியேறுமாறு பணித்தது. புதிய அமெரிக்க மிஷனரிமார் வருவதற்கு இருந்த தடை 1833இலேயே நீங்கியது. இரு வல்லரசுகளின் பிணக்கு யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் பள்ளிக்கூடத்தை எட்டிய கதை இது.

இத்தகைய சூழலில், 1823இல் தமிழ் இளைஞருக்கும் ஏனையோருக்குமான ஒரு கல்லூரித் திட்டத்தை மிஷனரிமார் அச்சிட்டு வெளியிட்டனர். ஆங்கிலத்தை ஆழமாகக் கற்பித்தல், தமிழிலக்கியத்தை முறையாகப் பயிற்றுதல், தெரிந்தெடுக்கப்பட்ட மாணவருக்குச் சமஸ்கிருதத்தையும் எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளையும் கற்பித்தல் என்பன அதன் நோக்கங்களாகக் கூறப்பட்டன. புவியியல், வரலாறு, கேத்திர கணிதம், மெய்யியல், வானசாஸ்திரம் ஆகியனவும் பாடங்களாயின. டானியல் பூவர் முதல் அதிபரானார். இன்றைய வழக்கிற் சொல்வதாயின், பல மொழிகளையும் பல துறைகளையும் ஒருங்கிணைத்த ஒரு பாடநெறி அது. தமிழைப் புறந்தள்ளி ஆங்கிலத்தை மட்டும் அரியணை ஏற்றாமை அதன் தனிச்சிறப்பு.

இவ்விடத்து ஒரு நிகழ்ச்சி மனங்கொளத்தக்கது. 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தின் நேரத்தையும் அளவையும் குறித்து வட்டுக்கோட்டைப் பஞ்சாங்கக் கணிப்பும் பூவரின் கணிப்பும் வேறுபட்டன. பூவரின் கணிப்பே பொருந்திற்று. அவ்வெற்றி சைவத்துக்கு எதிரான ஆயுதமாகவும் பயன்படுத்தப்பட்டது என்பதை மறைத்தல் ஆகாது. ஆயினும் கதை அங்கு முடியவில்லை. 1836இல் அதிபர் பொறுப்பை ஏற்ற ஹென்றி ஹொய்சிங்ரன் இந்நாட்டு வானசாஸ்திரத்தைத் தாமே பயின்று, 1848இல் அதனை மொழிபெயர்ப்புடனும் விளக்கக் குறிப்புகளுடனும் நூலாக வெளியிட்டார். பின்னர் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் ஆக்கினார். கற்பிக்க வந்தவர் கற்பவராகவும் மாறினார். பிறர் அறிவை மறுப்பதற்கேனும் அதனை உள்ளிருந்து அறிதல் வேண்டும் என்னும் நிலை, கற்றலை இருவழிப் பாதையாக்கியது.

இதன் பயன் மாணவரிடத்து வெளிப்பட்டது. 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் செமினரியிற் கற்றவர்கள். கறல் விசுவநாதபிள்ளை பீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை நியாய இலக்கணம் வகுத்தார். 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையுமே. பிற்காலத்தில் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையின் பதிப்புப் பணியை நோக்கும்போது, ஆங்கிலக் கல்வி தமிழுக்குப் பகையாகவே அமைதல் வேண்டும் என்னும் விதி இல்லை என்பது தெளிவாகும். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனென்ட், 1850இல் வெளியிட்ட நூலில் இச்செமினரியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு நிகராக மதித்தார்.

அவ்வாறாயின் அது ஏன் மூடப்பட்டது? இங்குதான் பாடநெறி வகுப்போர் கருத வேண்டிய செய்தி உள்ளது. மிஷன் சபையின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855இல் பொஸ்ரனிலிருந்து வந்து நிலைமையை ஆராய்ந்தார். கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் பிற ஊழியங்களையும் நாடிச் செல்கின்றனர். கிராமங்களிற் சமயப்பணி ஆற்றுவோர் சிலரே. ஆதலின் ஆங்கிலக் கல்வியைக் குறைத்துத் தாய்மொழியிலேயே போதித்தல் வேண்டும் என்பது அவர்தம் நிலைப்பாடு. அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. சபையின் நோக்கில் அவர் வாதம் பிழையானதன்று. சமயப் பரம்பலுக்கெனத் திரட்டப்பட்ட பணம் அதற்கே செலவாதல் வேண்டும் என்று அவர் கருதினார். ஆயினும் தாய்மொழியின் பெயரால் எடுக்கப்பட்ட அம்முடிவு, தமிழ்ப் புலமையையும் மேனாட்டு அறிவையும் ஒருங்கே வளர்த்த உயர்கல்விக் கூடமொன்றை அழித்தது. மாணவர் ஒரு நோக்கத்துடன் வந்தனர். நிறுவியோர் வேறொரு நோக்கத்துடன் நடத்தினர். இரண்டும் முரணியபோது முடிவெடுக்கும் உரிமை யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை. கல்விக்கூடம் வட்டுக்கோட்டையில் இருந்தது. அதன் கடிவாளம் பொஸ்ரனில் இருந்தது.

யாழ்ப்பாணச் சமூகமும் வாளாவிருக்கவில்லை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவித் தம் சமயத்தார்க்கான கல்விக்கு வித்திட்டார். பழைய மாணவர் முதலானோரின் வேட்கையின் பயனாக 1872இல் செமினரி இருந்த வட்டுக்கோட்டையிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. எனினும் பல்கலைக்கழகம் என்னும் கனவு நனவாக மேலும் ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகப் பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையிற் தொடங்கிய நிறுவனம், 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாகத் தனித்து இயங்கத் தலைப்பட்டது.

இவ்வரலாற்றின் ஒளியில் சர்வதேசக் கற்கைப் பட்டநெறியை நோக்குவோமாயின், மூன்று கருத்துகள் புலப்படுகின்றன. முதலாவது, உலகைக் கற்பவன் நிற்கும் இடம் பாடத்திட்டத்தில் இடம்பெறல் வேண்டும். பாக்கு நீரிணையின் எல்லையை 1974ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கை வகுத்தது. 1987இன் ஒப்பந்தம் இந்தியப் படையை எமது வாசலுக்குக் கொணர்ந்தது. 1983இன் பின் எம்மவர் பல நாடுகளிற் புகலிடம் தேடினர். 2023இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடியது. மீனவன் வலைவீசும் கடலும், வெளிநாட்டுக் கடிதத்தை எதிர்நோக்கும் திண்ணையும் சர்வதேச அரசியலின் களங்களே. இவற்றை விடுத்து வேர்சாய் உடன்படிக்கையை மட்டும் மனனம் செய்தல் நிறைவான கல்வி ஆகாது. வேர்சாயை அறியாது இவற்றை மட்டும் பேசுதலும் ஆகாது.

இரண்டாவது, மொழி பற்றியது. தமிழிற் சிந்திக்கவும், ஆங்கிலத்தில் உலகுடன் உரையாடவும், சிங்களத்தில் உடன்வாழும் மக்களை விளங்கிக்கொள்ளவும் இயலாத பட்டதாரி, பிறர் தரும் செய்தியிலேயே தங்கி நிற்பான். 1823இன் திட்டம் பன்மொழிப் பயிற்சியை அணியாகக் கருதவில்லை, அடித்தளமாகவே கருதியது.

மூன்றாவது, நோக்கம் பற்றியது. பட்டம் பெற்றுத் தொழிலின்றித் தவிக்கும் நிலையைக் கலைப்பீட மாணவராகிய நாம் நன்கு அறிவோம். ஆதலின் உத்தியோகத்தை நாடும் மாணவனை அண்டர்சன் குறைகூறியதுபோல் நாமும் குறைகூறுதல் அறமன்று. தொழிலையும் அறிவையும் எதிரெதிரே நிறுத்தாது, இரண்டையும் தொடக்கத்திலேயே வெளிப்படையாக எண்ணித் திட்டமிடல் வேண்டும். அத்திட்டத்தில் விரிவுரையாளரும் மாணவரும் இப்பிரதேச மக்களும் பங்குகொள்ளல் வேண்டும். நிதி எங்கிருந்தும் வரலாம். நோக்கம் இங்கு வகுக்கப்படல் வேண்டும்.

செமினரி முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்தது. அதன் மாணவர் ஆக்கிய நூல்கள் இன்றும் எம்மிடம் உள்ளன. உலகை நோக்கிச் சாளரம் திறக்கலாம் என்பதை அந்நூல்கள் காட்டுகின்றன. சாளரத்தின் தாழ்ப்பாள் வீட்டாரின் கையில் இருத்தல் வேண்டும் என்பதை 1855ஆம் ஆண்டு கற்பிக்கின்றது.