வினாத்தாள் வகுத்த இலக்கணம்: சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியும் பல்கலைக்கழக நுழைவில் ஆங்கிலமும்

முன்னுரை

சைதாப்பேட்டையில் இன்று கல்வியியல் மேம்பாட்டு நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் பழைய ஆசிரியர் கல்லூரி, தமிழகத்தில் ஆங்கிலம் கற்பித்தோரின் பல தலைமுறைகளைப் பயிற்றுவித்தது. பள்ளியில் ஆங்கில இலக்கணம் எப்படிக் கற்பிக்கப்பட வேண்டும் என்பதை இத்தகைய கல்லூரிகளே தீர்மானித்தன என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. பல்கலைக்கழக நுழைவுக்கான தேர்வில் என்ன கேட்கப்பட்டதோ அதுவே வகுப்பறையின் இலக்கணமாயிற்று. பயிற்சி முறைகள் அதற்குப் பின்னால் ஓடின. இக்கட்டுரை இந்த உறவை 1857 முதல் இன்றுவரை தொடர்ந்து பார்க்கிறது.

1. நுழைவாயிலாக ஆங்கிலம்

1835இல் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்பும் அதை ஏற்ற தலைமை ஆளுநர் பெண்டிங்கின் தீர்மானமும் வந்தபோது, சென்னை மாகாணத்தில் உயர்கல்விக்கு அரசு நிறுவனம் ஏதும் உறுதியாக அமைந்திருக்கவில்லை. 1839இல் ஏறத்தாழ 70,000 பேர் உயர்கல்வி கேட்டுக் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் ஆளுநரிடம் அளித்தார். அதன் விளைவாக 1841இல் ஏர் பர்ட்டன் பவலின் தலைமையில் ஓர் உயர்பள்ளி தொடங்கியது. அதுவே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. ஆங்கிலம் கற்றோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை என்று 1844இல் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்சு அறிவித்ததும், ஆங்கிலக் கல்வி சோறு போடும் கல்வியாயிற்று.

1857 செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் அமைந்தது. அதன் வாசலில் நின்றது மெட்ரிகுலேஷன் தேர்வு. அதில் ஆங்கிலம் கட்டாயப் பாடம். வரலாறு, கணிதம் போன்ற பிற தாள்களையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆகவே அந்த மாணவனுக்கு ஆங்கிலம் ஒரு பாடமாகவும், ஏனைய பாடங்களுக்குள் நுழையும் வழியாகவும் இருந்தது. இத்தடையைத் தாண்டிப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. அவர்களில் முன்னவர் பழந்தமிழ் நூற்பதிப்பின் முன்னோடியானார்.

அந்த வாசலைத் தாண்டிய எல்லோராலும் மேலே செல்ல முடியவில்லை. இராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கிய அவர் ஆங்கிலத் தாளில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பின்னர் பச்சையப்பன் கல்லூரி வழியாக முயன்றும், பட்டப்படிப்புக்கு முந்திய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. ஒரு பாடத்தில் தேறாதவன் எல்லாவற்றிலும் தேறாதவன் என்ற விதிக்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

2. சைதாப்பேட்டைக்கு வந்த ஆசிரியர்கள்

ஆசிரியர் கல்லூரியின் தொடக்கம் 1856இல் நிறுவப்பட்ட அரசு நார்மல் பள்ளி. 1880களில் அது கல்லூரியாக உயர்ந்து சைதாப்பேட்டைக்கு இடம்பெயர்ந்தது. பட்டம் பெற்றவர்கள் இங்கே எல்.டி. என்னும் ஆசிரியர் பயிற்சிப் படிப்பை முடித்துப் பள்ளி ஆசிரியராயினர். பின்னாளில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகி, ஆங்கிலச் சொல்வன்மையால் உலகறிந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இங்கே பயின்றவர். மாநிலக் கல்லூரியில் மெய்யியல் கற்பிக்கத் தொடங்கியிருந்த ராதாகிருஷ்ணனும் 1910இல் எல்.டி. பயிற்சிக்காக இங்கே அனுப்பப்பட்டார்.

பயிற்சிக் கல்லூரியில் உளவியலும் கற்பித்தல் முறையும் படித்தவர், பள்ளிக்குத் திரும்பியதும் எடுத்தது நெஸ்பீல்டின் இலக்கணப் புத்தகத்தை. வடமேற்கு மாகாணங்களில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த ஜே.சி. நெஸ்பீல்டு 1890களில் எழுதிய நூல்கள், வாக்கியத்தைக் கூறுகூறாகப் பகுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணம் கூறும் முறையில் அமைந்தவை. தேர்வில் வந்த வினாக்களும் அவ்வகையே: வாக்கியத்தைப் பகுத்துக் காட்டுக, செயப்பாட்டுவினையாக மாற்றுக, நேர்கூற்றை அயற்கூற்றாக்குக. 1930களில் வந்த ரென் – மார்ட்டின் புத்தகம் இவ்வினாக்களையே பயிற்சிகளாக அடுக்கித் தந்தது. இன்றும் அது கடைகளில் விற்கிறது என்றால், அவ்வினாக்கள் இன்னும் உயிரோடிருப்பதே காரணம்.

3. இலக்கணத்திலிருந்து அமைப்புக்கு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ரிகுலேஷனின் இடத்தை எஸ்.எஸ்.எல்.சி. பிடித்தது. 1930களின் பிற்பகுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி பயிற்று மொழியானது. அப்போதுதான் ஆங்கிலம் முதன்முறையாகப் பாடங்களுள் ஒரு பாடமாகச் சுருங்கியது. கல்லூரியிலோ எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே அன்று விழுந்த பிளவு இன்றுவரை மூடவில்லை.

இதைச் சரிசெய்ய 1950களில் சென்னை மாநிலம் அமைப்புவழிப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. இலக்கண விதியைச் சொல்லாமல், எளிய வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக வாய்மொழியாகப் பழக்குவது அதன் வழி. அதற்காக ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெருமுயற்சி, பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு அந்தப் பத்தாண்டின் இறுதியில் தொடங்கியது. ஒரு சிறு குழு பயிற்சி பெறும். அவர்கள் வேறு சிலருக்குத் தருவார்கள். அவர்கள் மேலும் பலருக்கு. உருண்டு பெருகும் பனிப்பந்தின் பெயரால் இத்திட்டம் உலக ஆங்கிலக் கல்வி ஆய்வில் குறிக்கப்படுகிறது. கைமாறும் ஒவ்வொரு படியிலும் பயிற்சி நீர்த்துப்போனது என்பதே இதன்மீது வைக்கப்பட்ட முதன்மையான விமரிசனம்.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் நடத்திய சோதனை இன்னும் துணிச்சலானது. ரயில் கால அட்டவணையைப் படித்து விடை காண்பது, வரைபடத்தில் வழி கண்டறிவது போன்ற பணிகளை மாணவர்களுக்குக் கொடுத்தார். பொருளில் மனம் செல்லும்போது இலக்கணம் தானே படியும் என்பது அவர் வாதம். அவருடைய 1987ஆம் ஆண்டு நூல் உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் படிக்கப்படுகிறது. தமிழகப் பொதுத்தேர்வு வினாத்தாளோ செய்வினை – செயப்பாட்டுவினையை விடவில்லை.

4. தரவரிசையிலிருந்து விலகிய ஆங்கிலம்

கல்லூரிப் புகுமுக வகுப்பான பி.யு.சி. முறை முடிந்து 1978இல் பிளஸ் டூ வந்தது. 1984இல் தொழிற்படிப்புகளுக்குத் தமிழ்நாடு தனி நுழைவுத் தேர்வை நடத்தத் தொடங்கியது. அதில் ஆங்கிலம் இல்லை. அத்தேர்வு 2007இல் நீங்கியபின், பொறியியல் கட் ஆஃப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200ஆகக் கணக்கிடப்படுகிறது. இங்கும் ஆங்கிலத்தில் தேறினால் போதும். இராமானுஜனை வெளியேற்றிய பாடம் தரவரிசையில் எண்ணப்படாத பாடமாயிற்று.

சமூக நீதியின் கண்கொண்டு பார்த்தால் இது நல்ல மாற்றம். தமிழ்வழி மாணவர் மொழியால் தடுக்கப்படவில்லை. ஆனால் உள்ளே சென்றபின் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. மற்ற பிரிவு மாணவர்கள் முதல் பருவத்திலேயே ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அரசு கலைக் கல்லூரிகளில் பி.ஏ. ஆங்கிலத்துக்கு மட்டும் பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண் தரவரிசையை முடிவு செய்கிறது. 2018–19இல் மொழிப் பாடங்களின் இரு தாள்கள் ஒன்றானபின், அந்த ஒற்றை 100 மதிப்பெண்ணே அளவுகோல். 2022இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு வந்த க்யூட் தேர்வின் மொழித் தாள் பத்தியைப் படித்து விடையைத் தெரிவு செய்யச் சொல்கிறது. மாணவர் சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுத வேண்டியதில்லை. இத்தேர்வை எதிர்த்து அதே ஆண்டு ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

முடிவுரை

நெஸ்பீல்டு காலத்து வாக்கியப் பகுப்பு முதல் க்யூட் காலத்துத் தெரிவு விடை வரை, வகுப்பறை இலக்கணத்தை மாற்றியது வினாத்தாள்தான். வினாத்தாளைத் தொடாத சீர்திருத்தங்கள் எவ்வளவு நல்லவையாயினும் வேரூன்றவில்லை. ஆங்கிலத்தை மீண்டும் நுழைவுத் தடையாக்குவது இதற்குத் தீர்வாகாது. அது இராமானுஜனின் 1904க்குத் திரும்புவதாகும். சேர்க்கை முடிந்தபின் முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொல்லி, அதில் தெரியும் குறைகளுக்கேற்பக் கல்லூரி பாடம் நடத்தட்டும். பிளஸ் டூ வினாத்தாளும் சொந்த எழுத்துக்குக் கூடுதல் மதிப்பெண் தரட்டும். இவ்விரண்டும் நடந்தால்தான் சைதாப்பேட்டையில் ஆசிரியர் கற்கும் முறை பள்ளியிலும் பயன்படும்.