நிற்கிற காரும் தேயும்

கொடிகாமத்தில் எங்கள் வளவுக்குள், பலா மரத்தின் கீழ், அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 பல மாதங்களாக ஓடாமல் நின்றது. 2000ஆம் ஆண்டு தென்மராட்சி இடம்பெயர்ந்தபோது அம்மம்மாவை அதில் ஏற்றலாம் என்று நினைத்தோம். பற்றரியில் உயிரில்லை. அது பெரிய விடயமல்ல, கிராங்க் கம்பியால் சுழற்றி இயக்கியிருக்கலாம். ஆனால் ஹான்ட் பிறேக்கை இழுத்தபடியே விட்டிருந்ததால் பின்சில்லுகள் இறுகிவிட்டன. நாலு பேர் தள்ளியும் அசையவில்லை. அம்மம்மா சைக்கிள் கரியரில்தான் வந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது காரும் இல்லை, பலாவும் இல்லை.

ஈரத்தில் பிறேக் சூவும் டிரமும் துருவால் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். வாரக்கணக்கில் நிறுத்துவதானால் நான் இப்போது ஹான்ட் பிறேக் போடுவதில்லை. சமதரையில் முதலாம் கியரில் விட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பேன். ஓட்டோ கியர் காரைச் சந்தையடியில் நிறுத்தும்போது ஒழுங்கு வேறு. பிறேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு மாற்றி, ஹான்ட் பிறேக்கை இழுத்து, மிதியை மெல்ல விட்டுப் பார்த்த பிறகே 'பி'யில் போடவேண்டும். நேரே 'பி'யில் விட்டால், சரிவில் காரின் பாரம் முழுவதையும் கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கொளுக்கியொன்றே தாங்கும்.

எங்கள் பக்கம் நிழல் என்றால் தென்னை, மா, பலா. தேங்காய் விழுந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மாம்பாலும் பறவை எச்சமும் சத்தமில்லாமல் பெயின்றைத் தின்னும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டாதீர்கள், ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டுத் துடையுங்கள். காற்றோட்டமான ஓலைக் கொட்டில்தான் நல்லது. பிளாஸ்ரிக் படங்கால் இறுக்கிப் போர்த்தினால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். கொட்டிலில் நெல் மூட்டையும் கொப்பறாவும் வைத்தால் எலி வரும், வந்த எலி வயரையும் கடிக்கும்.

மாரியில் புல்லிலும் சேற்றிலும் நிறுத்தினால் அடித்தகடு காயாது. கிளாலிப் பக்கத்து உப்புக்காற்றும் சேர்ந்தால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். சில்லுகள் நிற்கும் இரு கீற்றுகளுக்காவது சீமெந்து போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்துபோகிறவர்கள் "ஓடாத கார், புதுசு மாதிரி" என்பார்கள். ஓடாததுதான் பிரச்சினை. ஒரே இடத்தில் நின்றால் ரயரின் அடி தட்டையாகும். உறவினரிடம் திறப்பைக் கொடுத்து, இரண்டு கிழமைக்கு ஒருக்கால் இருபது நிமிடமாவது ஓடச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் இயக்கி நிறுத்தினால், தொடக்கத்தில் எடுத்த மின்சாரம் பற்றரிக்குத் திரும்பாமலும் போகலாம். ஓட ஆளில்லையென்றால் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இப்போதைய விலைக்கு இன்னொன்று வாங்க எத்தனை பேரால் முடியும்?

பல நாள் நின்ற காரை எடுக்கும்போது முதலில் அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பொனெற்றைத் திறந்து அணில் கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். வளவுக்குள்ளேயே இரண்டு முறை பிறேக் பிடித்துப் பார்த்த பிறகு ஏ9 வீதிக்கு ஏறுங்கள்.